வீட்டில் வயிற்று டயாலிசிஸ்: கை பழகிய பிறகு செய்யும் தவறுகள்

வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸ் என்றால் நம் ஊரில் பெரும்பாலும் சி.ஏ.பி.டி. எனும் தொடர் வயிற்று டயாலிசிஸ்தான். வயிற்றில் பொருத்திய கதீட்டர் என்ற குழாய் வழியாக, பையிலுள்ள 2 லிட்டர் டயாலிசிஸ் திரவத்தை விட்டு, 4 முதல் 6 மணி நேரம் கழித்து வெளியே எடுக்க வேண்டும். பலருக்கு ஒரு நாளைக்கு 3 அல்லது 4 முறை. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்தும் தருகிறார்கள். ஆரம்பத்தில் எல்லோரும் நர்ஸ் சொன்னதை அப்படியே செய்வார்கள். கை பழகப் பழகத்தான் குறுக்குவழிகள் எட்டிப் பார்க்கும்.

முதல் பலி, மின்விசிறியை நிறுத்தும் விதி. மே மாத வெயிலில் விசிறியை நிறுத்த யாருக்கு மனசு வரும்? ஆனால் பையை இணைக்கும்போதும் கழற்றும்போதும் விசிறி ஓடினால் தூசியும் கிருமியும் திறந்த முனையில் வந்து உட்காரும். அந்தச் சில நிமிடங்களுக்காவது நிறுத்துங்கள், கதவைச் சாத்துங்கள். மாஸ்க் உதவிக்கு நிற்பவருக்கும் வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவிய கையை முந்தானையிலோ லுங்கியிலோ துடைத்தால் கழுவியதே வீண்.

இணைப்பு முனை சட்டையில் லேசாகப் பட்டுவிட்டதா? ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுத் தொடரக் கூடாது. குழாயை அடைக்கும் கிளாம்பை மூடி, திரவத்தை உள்ளே விடாமல், உடனே டயாலிசிஸ் யூனிட்டுக்குப் போன் செய்யுங்கள்.

பையை வெந்நீரில் போட்டுச் சூடாக்குவதும் வேண்டாம். இணைப்பு வாயில் ஈரம் சேர்ந்தால் கிருமிக்கு வழி. யூனிட்டில் சொன்ன, தண்ணீர் படாத உலர்சூடுதான் சரி.

வெளியே வந்த திரவத்தைப் பார்க்காமலே கொட்டிவிடுவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான பழக்கம். பைக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்துப் பாருங்கள்; எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும். அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கியிருந்தால் வயிற்றுச் சவ்வில் தொற்று என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வலியும் காய்ச்சலும் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கை விழுங்கினால் கல்ச்சர் பரிசோதனையில் கிருமி பிடிபடாமல் போகலாம். கலங்கிய பையை அப்படியே எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கால் வீங்கினால் தாங்களாகவே குளுக்கோஸ் அடர்த்தி அதிகமுள்ள 4.25 சதவீதப் பைக்கு மாறுகிறவர்கள் உண்டு. அது நீரை இழுக்கும், சரி. ஆனால் அதிலுள்ள குளுக்கோஸ் உடம்பில் சேர்ந்து சர்க்கரையும் எடையும் ஏறும். நாளடைவில் சவ்வும் கெடும். தினமும் எடையையும் பிரஷரையும் குறித்து வைத்து, அந்த நோட்டோடு டாக்டரிடம் கேளுங்கள்.

அப்புறம் சாப்பாடு. “கிட்னி நோயாளி முட்டை தொடக் கூடாது” என்று சொல்ல எல்லா வீட்டிலும் ஒரு பெரியப்பா இருப்பார். இந்த டயாலிசிஸில் திரவத்தோடு புரதமும் தினமும் வெளியேறுகிறது. முட்டை வெள்ளைக்கரு, மீன் போன்றவற்றை டயட்டீஷியன் சொல்லும் அளவில் சாப்பிட்டே ஆக வேண்டும்.

மலச்சிக்கலைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். குடல் நிறைந்து கதீட்டரை அழுத்தினாலோ நகர்த்தினாலோ திரவம் சரியாக வடியாது. குழாய் அடைத்துவிட்டது என்று பதறி ஓடிவரும் சிலருக்கு, மலமிளக்கி கொடுத்ததுமே வடிகால் சரியாகிவிடுவதுண்டு.