போர் விமானச் சிமுலேட்டரில் எஞ்சினையும் புரொப்பெல்லரையும் கையாளுவது எப்படி?

போர் விமானச் சிமுலேட்டருக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஜாய்ஸ்டிக்கைப் பிடிக்கும் வலது கையையே பழக்குகிறார்கள். இடது கை, எஞ்சினின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் லீவரான த்ராட்டிலை முழுவதுமாக முன்னே தள்ளிவிட்டு அப்படியே ஓய்ந்துவிடுகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பிஸ்டன் எஞ்சின் இதைச் சில நிமிடங்கள் பொறுத்துக்கொள்ளும். பிறகு சூடேறி, சக்தி இழந்து, எதிரி ஒரு குண்டுகூடச் சுடாமலே நம்மைத் தரையிறக்கிவிடும். இடது கை செய்ய வேண்டிய வேலை அதிகமில்லை. ஆனால் எதை முதலில் நகர்த்துவது, எதைப் பின்னர் நகர்த்துவது என்ற வரிசை அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வரிசையைக் கற்றுத்தருவதே இந்தச் செய்முறையின் நோக்கம்.

பயிற்சிக்கு டிசிஎஸ் வேர்ல்டு என்ற சிமுலேட்டரில் உள்ள பி-51டி மஸ்டாங் விமானத்தை எடுத்துக்கொள்கிறேன். அதன் ரேடியேட்டரும் (எஞ்சினைக் குளிர்விக்கும் கருவி) சூப்பர்சார்ஜரும் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) தானியங்கி என்பதால், த்ராட்டிலிலும் புரொப்பெல்லர் லீவரிலும் மட்டும் கவனம் செலுத்தலாம்.

முதல் படி: லீவர்களைப் பிரித்து அமையுங்கள்

அமைப்புகள் பக்கத்தில் த்ராட்டிலுக்கு ஓர் அச்சும் (கருவியில் முன்னும் பின்னும் நகரும் ஒரு லீவர்) புரொப்பெல்லர் ஆர்பிஎம்முக்கு, அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுழற்சி என்ற அளவுக்கு, தனியாக இன்னோர் அச்சும் ஒதுக்குங்கள். உங்கள் கருவியில் ஒரே அச்சுதான் உண்டு என்றால், ஆர்பிஎம்மைக் கூட்டவும் குறைக்கவும் கைக்கு எட்டும் இரண்டு பொத்தான்களைக் கொடுங்கள். எஞ்சின் நிர்வாகத்தைக் கணினியே கவனித்துக்கொள்ளும் உதவித் தேர்வு இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். பிறகு காக்பிட்டுக்குள் பார்வையைத் தாழ்த்தி, உங்கள் கை நகரும் திசையிலேயே திரையில் உள்ள லீவரும் நகர்கிறதா என்று சரிபாருங்கள். அச்சு தலைகீழாக இருப்பதைப் புறப்படும்போது கண்டுபிடிப்பது மிகவும் தாமதமாகிவிடும்.

இரண்டாம் படி: இரண்டு முட்களைப் புரிந்துகொள்ளுங்கள்

இங்கே சற்று நிதானமாக நிற்க வேண்டும், ஏனெனில் மற்ற எல்லாமே இதிலிருந்துதான் வருகின்றன. த்ராட்டில் எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. அதைக் காட்டுவது மேனிஃபோல்டு அழுத்தமானி. புரொப்பெல்லர் லீவர் எஞ்சின் சுழலும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. அதைக் காட்டுவது ஆர்பிஎம் மானி.

புரொப்பெல்லர் லீவரை நகர்த்தும்போது பிளேடுகளின் கோணத்தை நாம் நேரடியாக மாற்றுவதில்லை. நமக்கு வேண்டிய சுழற்சி வேகத்தைக் கவர்னர் என்ற கருவிக்குச் சொல்கிறோம். அது எண்ணெய் அழுத்தத்தின் உதவியால் பிளேடுகளைத் திருப்பி அந்த வேகத்தைக் காப்பாற்றுகிறது. இதைக் கண்ணால் காண எளிய வழி ஒன்று உண்டு. சமமட்டத்தில் பறக்கும்போது புரொப்பெல்லர் லீவரைத் தொடாமல் த்ராட்டிலை மட்டும் கொஞ்சம் முன்னே தள்ளுங்கள். அழுத்தமானியின் முள் ஏறி அங்கேயே நிற்கும். ஆர்பிஎம் முள்ளோ சற்றே துள்ளி, ஓரிரு நொடிகளில் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். அந்தத் துள்ளலுக்கும் திரும்புதலுக்கும் இடையில்தான் பிளேடுகள் காற்றை இன்னும் அதிகமாகக் கவ்வும்படி திரும்பியிருக்கின்றன.

மூன்றாம் படி: வரிசையைக் கைக்குப் பழக்குங்கள்

சக்தியைக் கூட்டும்போது முதலில் ஆர்பிஎம், பிறகு த்ராட்டில். குறைக்கும்போது முதலில் த்ராட்டில், பிறகு ஆர்பிஎம். இதை மாற்றிச் செய்யக் கூடாது.

காரணம் இதுதான். மேட்டில் ஏறும் மோட்டார் சைக்கிளை உயர்ந்த கியரிலேயே வைத்து ஆக்சிலரேட்டரை முறுக்கினால் எஞ்சின் கடகடவென்று அடித்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். ஆர்பிஎம் குறைவாக இருக்கும்போது மேனிஃபோல்டு அழுத்தத்தை உயர்த்தினால் சிலிண்டருக்குள் நடப்பதும் அதுவே: எரிபொருள் கலவை சீராக எரியாமல், அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் வெடித்து, பிஸ்டனைச் சிதைக்கிறது.

மஸ்டாங்கின் பேக்கார்டு மெர்லின் எஞ்சினுக்கு மூன்று ஜோடி எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். தொடர்ந்து பறக்க 46 அங்குல (பாதரச அளவில்) மேனிஃபோல்டு அழுத்தமும் 2700 ஆர்பிஎம்மும் உச்ச வரம்பு. சண்டையில் 61 அங்குலமும் 3000 ஆர்பிஎம்மும் 15 நிமிடம் வரை தாங்கும். உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் 67 அங்குலமும் 3000 ஆர்பிஎம்மும் 5 நிமிடம் மட்டும். இந்த எண்களை ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

இப்போது ஏறக்குறைய 2000 மீட்டர் உயரத்தில், எதிரிகள் இல்லாத வானில், 46-லிருந்து 61-க்கும் 61-லிருந்து 46-க்கும் மாறிமாறிச் செல்லுங்கள். ஒவ்வொரு முறையும் ஆர்பிஎம் முள் அதன் இடத்தில் நிலைத்த பிறகே த்ராட்டிலை முன்னே தள்ளுங்கள். இருபது முறை செய்தால், மானியைப் பார்க்காமல் ஒலியைக் கொண்டே 2700-ஐயும் 3000-ஐயும் பிரித்தறியத் தொடங்குவீர்கள். சண்டையின் நடுவே கண் எதிரியின் மீதே இருக்கும் என்பதால், காது கற்றுக்கொள்ளும் இந்தப் பாடத்தை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன்.

நான்காம் படி: வெப்பத்தைக் கவனியுங்கள்

மஸ்டாங்கில் குளிர்விப்பு நீர் 100 முதல் 110 டிகிரி செல்சியஸுக்குள் இருப்பது நல்லது. 121 டிகிரி அதன் எல்லை. ரேடியேட்டர் தானியங்கி என்றாலும் அதற்குக் காற்றோட்டம் வேண்டும். முழுச் சக்தியுடன், வேகம் குறைந்து, செங்குத்தாக ஏறிக்கொண்டிருப்பதுதான் எஞ்சினுக்கு மிகக் கொடுமையான நிலை. முள் எல்லையை நெருங்கினால் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் கூட்டுங்கள். அதன் பிறகு சக்தியைக் குறையுங்கள்.

ரேடியேட்டரைக் கையால் திறந்து மூட வேண்டிய விமானங்களில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். ஐஎல்-2 சிமுலேட்டரில் யாக்-1 விமானத்தை ஓட்டியபோது, ஓர் எதிரியைத் துரத்துவதற்காகக் காற்றுத்தடையைக் குறைக்க ரேடியேட்டரை மூடினேன். அவனை நெருங்கியும்விட்டேன். ஆனால் நீரின் வெப்பத்தைப் பார்க்கத் தவறியதால், சுடும் தூரத்துக்கு வந்த நேரத்தில் எஞ்சின் நின்றுபோனது. அன்றிலிருந்து ரேடியேட்டரை மூடும் ஒவ்வொரு முறையும் பத்து வரை எண்ணி, ஒரு முறை வெப்பமானியைப் பார்த்துவிட்டே அடுத்த பத்தைத் தொடங்குகிறேன்.

ஐந்தாம் படி: பாய்ச்சலும் தரையிறக்கமும்

செங்குத்தாகக் கீழே பாயும்போது காற்றே புரொப்பெல்லரைச் சுழற்ற முயலும். கவர்னர் தன்னால் இயன்றவரை பிளேடுகளைத் திருப்பித் தாக்குப்பிடிக்கும். அதற்கு உதவியாக, பாய்வதற்கு முன்பே த்ராட்டிலைக் குறைத்து, ஆர்பிஎம்மையும் 2700-க்குக் கீழே கொண்டுவாருங்கள்.

தரையிறங்கும் கடைசிக் கட்டத்தில் இதற்கு நேர்மாறாக, த்ராட்டில் குறைவாக இருக்கும்போதே ஆர்பிஎம்மை 2700-க்கு உயர்த்திவிடுங்கள். ஓடுபாதை தவறி மீண்டும் மேலேற நேர்ந்தால், த்ராட்டிலைத் தள்ளியவுடன் தேவையான சக்தி கிடைக்கும். எஞ்சின் செயலிழந்து சறுக்கிக்கொண்டு வரும் நிலையில், எண்ணெய் அழுத்தம் இன்னும் இருந்தால், புரொப்பெல்லர் லீவரை முழுவதும் பின்னே இழுங்கள். காற்றுத்தடை குறைந்து, எட்டக்கூடிய தூரம் கண்கூடாக நீளும்.

மற்ற விமானங்களுக்கு மாறும்போது

அலகுகள் மாறும், வரிசை மாறாது. ஸ்பிட்ஃபயர் கடல்மட்டக் காற்றழுத்தத்தைச் சுழியமாகக் கொண்டு அதற்கு மேலுள்ள அழுத்தத்தைப் பூஸ்ட் என்ற அளவில் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று) காட்டுகிறது. அதில் +18 என்பது மஸ்டாங்கின் 67 அங்குலத்துக்கு ஏறத்தாழச் சமம். யாக் விமானத்தில் அழுத்தம் பாதரச மில்லிமீட்டரில் இருக்கும். சூப்பர்சார்ஜரின் இரண்டாம் கியரையும் நீங்களேதான் போட வேண்டும். ஜெர்மன் எஃப்டபிள்யூ 190-இல் ஒரே லீவர் த்ராட்டில், ஆர்பிஎம், கலவை எல்லாவற்றையும் சேர்த்து இயக்கும். முதல் விமானமாக அதை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் அந்த வசதிக்குப் பழகிய இடது கைக்கு இந்த வரிசையைப் பின்னர் கற்பிப்பது கடினம். மஸ்டாங்கில் ஒரு வாரம் பறந்துவிட்டு அதில் ஏறினால், ஒற்றை லீவரை முன்னே தள்ளும்போது ஆர்பிஎம்மும் அழுத்தமும் சேர்ந்து உயர்வதைப் பார்த்து, நீங்கள் இரு லீவர்களால் செய்துவந்ததை அந்தக் கருவி எப்படிச் செய்கிறது என்பதை உடனே புரிந்துகொள்வீர்கள்.