விலையைப் படத்துக்குக் கீழேயே போடுங்கள்
இன்ஸ்டாகிராமில் புடவையோ ஊறுகாயோ விற்கிறீர்களா? ‘விலைக்கு இன்பாக்ஸ் வாங்க’ என்று எழுதாமல், டெலிவரியையும் சேர்த்துப் படத்துக்குக் கீழேயே போட்டுவிடுங்கள்: ‘புடவை ரூ.850, வேளச்சேரிக்குள் டெலிவரி ரூ.40, தாம்பரம் தாண்டினால் ரூ.90.’ விலை மட்டும் கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்களுக்குப் பதில் தட்டும் நேரம் மிச்சம். ஆளைப் பார்த்து விலை சொல்கிறார்களோ என்ற சந்தேகமும் வராது. 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளும் டெலிவரி கட்டணம் உட்பட மொத்த விலையைக் காட்டத்தான் சொல்கின்றன. ‘ரூ.499 முதல்’ என்பதெல்லாம் கணக்கில் வராது, அது தி.நகர் ஆடித் தள்ளுபடி போர்டு வித்தை.

ஆரி வேலை பிளவுஸ், ஆர்டர் கேக் போல ஆளுக்கு ஆள் மாறும் வேலைக்கு இது சரிப்படாது. அங்கே முன்பு செய்த ஒன்றின் படத்தையும் அதற்கு வாங்கிய தொகையையும் போடலாம்.