தத்துவப் பனுவலில் வாதத்தைப் பிரித்தெடுப்பது எப்படி?

தத்துவப் பட்டப்படிப்பின் முதல் பருவத்தில் தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் நன்றாக வாசிக்கிறவர்கள்தான். கதையையும் வரலாற்றையும் வாசித்துப் பழகிய வேகத்திலேயே இதையும் வாசிப்பதுதான் சிக்கல். பத்துப் பக்கத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதல் வாசிப்பில் அடிக்கோடு போடாதீர்கள். போட்டால் அழகான வாக்கியங்கள் சிக்கும், வாதம் நழுவிவிடும். ஆசிரியர் எதை நிறுவப் பார்க்கிறார் என்பதை மட்டும் தேடி, ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வாசிப்பில் 'ஆகவே', 'ஏனெனில்', 'ஆனால்', 'என்பாராயின்' போன்ற சொற்களை வட்டமிட்டு, ஒவ்வொரு பத்தியிலும் பேசுவது யார் என்று ஓரத்தில் குறியுங்கள். அதிக மதிப்பெண் போவது இங்கேதான். அருணந்தி சிவாசாரியார் எழுதிய சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கம் (பிற சமயங்களின் கொள்கைகளை மறுக்கும் பகுதி), புலனுக்கு எட்டுவதே உண்மை என்னும் உலோகாயதரின் கொள்கையை முதலில் விரிவாகச் சொல்லி, பிறகுதான் மறுக்கிறது. முதல் பகுதியிலிருந்து ஒரு பாடலை எடுத்து 'அருணந்தி சிவாசாரியார் கருத்து இது' என்று எழுதினால், அவர் மறுத்ததையே அவர் தலையில் கட்டியதாகிவிடும்.

மூன்றாம் வாசிப்பு கையில் பேனாவோடு. 1641இல் வெளியான 'தியானங்கள்' நூலின் முதல் தியானத்தில், குளிர்கால அங்கி அணிந்து கணப்பருகே உட்கார்ந்திருப்பதாகப் பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட் எழுதும் இடத்தை எடுத்துக்கொள்வோம். அதை வரிகளாகப் பிரித்தால்:

1. கனவிலும் இப்படியே உட்கார்ந்திருப்பதாக எனக்குத் தோன்றியிருக்கிறது.
2. விழிப்பையும் கனவையும் உறுதியாகப் பிரித்துக்காட்டும் அடையாளம் ஏதுமில்லை.
3. ஒன்றைப் புலன்வழி ஐயமற அறிய வேண்டுமானால், அது கனவல்ல என்று உறுதிசெய்ய முடிய வேண்டும்.
4. ஆகவே, நான் இங்கே உட்கார்ந்திருப்பதைக்கூட ஐயமற அறிந்தேன் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது வரி பனுவலில் இந்த வடிவில் இல்லை. ஆனால் அது இல்லாமல் நான்காவதுக்குப் போக முடியாது. இப்படிச் சொல்லாமல் விட்ட வரியைக் கண்டுபிடிப்பதுதான் இந்தப் படிப்பு தரும் பயிற்சியிலேயே அருமையானது. 'எல்லாம் கனவு' என்று டெகார்ட் சொல்லவில்லை என்பதும் பிரித்து எழுதும்போதுதான் தெளிவாகிறது. ஆறாம் தியானத்தில் இந்த ஐயத்தை அவரே விலக்குகிறார்: விழிப்பில் நடப்பவற்றை நினைவு முன்பின் கோத்துத் தருகிறது, கனவில் அப்படி இல்லை என்பது அவர் காட்டும் காரணம்.

அடுத்தது மறுப்பு. 'இது கனவில்லை என்று எனக்குத் தெரியும்' என்பது மறுப்பாகாது. முடிவு பிடிக்கவில்லை என்றுதான் அதற்குப் பொருள். எந்த வரி விழுகிறது என்று எண்ணைச் சொல்ல வேண்டும். மூன்றாவதைத் தொடலாம்: அரிசி இருக்கிறதா என்று கேட்டால் டப்பாவைத் திறந்து பார்த்து 'இருக்கிறது' என்கிறோம், அது பிளாஸ்டிக் மணியல்ல என்று சோதிப்பதில்லை. ஆனாலும் அதை அறிவென்றே கொள்கிறோம். இங்கே நிறுத்திவிடாமல் டெகார்ட்டின் பக்கத்திலிருந்தும் பதில் எழுதுங்கள்: அன்றாட வாழ்வுக்கு அது போதும், அறிவியலுக்கு அசையாத அடித்தளம் தேடுகிறவருக்குப் போதாது. எதிராளியின் வாதத்தை அவரே ஏற்கும் வலிமையோடு எழுதத் தெரிந்தவரின் மறுப்புக்குத்தான் மதிப்பு.

1,500 சொல் கட்டுரையென்றால் இப்படிப் பங்கிடலாம்: கேள்வியும் உங்கள் நிலைப்பாடும் 150, வாதத்தைப் பிரித்துக் காட்டுவது 400, மறுப்பு 350, அதற்கான பதில் 350, எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்பதற்கு 250. 'மனிதன் தோன்றிய காலம் முதல்' என்று தொடங்கும் பத்தியை அடித்துவிடுங்கள். ஒரு கட்டுரைக்கு ஒரு மறுப்பு போதும். நான்கை அடுக்கினால் ஒன்றுகூட ஆழம் போகாது.

தீர்ப்பையோ அரசாணையையோ ஆய்வறிக்கையையோ வாசிக்கும்போதும் இதே வேலைதான்: முடிவு எது, காரணங்கள் எவை, சொல்லாமல் விட்டது எது. சட்டம், இதழியல், குடிமைப்பணி பக்கம் போகிறவர்களுக்கு இது நேரடியாகவே உதவுகிறது.

எழுதி முடித்ததும், அந்த நூலை வாசிக்காத ஒருவரிடம் உங்கள் எண்ணிட்ட வரிகளை மட்டும் கொடுங்கள். அவர் 'இது எப்படி வந்தது?' என்று நிற்கும் இடத்தில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. அதை எழுதிச் சேர்த்த பிறகு கட்டுரையைத் தொடங்குங்கள்.