உதவி அடுப்படி வரை வந்ததா என்று பார்ப்பது எப்படி?

2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கிழக்கே மட்டக்களப்புக் கரையோரத்தில் வெளிநாட்டு உதவி பெற்ற வீடுகளைக் கணக்கெடுத்தேன். அங்கே கற்றதைச் சொல்கிறேன்.

முதலில் உதவி நிறுவனத்தின் அறிக்கையை மூடிவையுங்கள். ‘வழங்கிய வள்ளங்கள்’ என்று அதில் இருக்கும் எண் வெறும் செலவுக் கணக்கு. விடியற்காலையில் கரைக்குப் போய், எத்தனை வள்ளம் கடலில் இறங்குகிறது என்று நீங்களே எண்ணுங்கள். ஒரு வாடிக்கு (மீனவர் குடிசைக்கு)ப் பின்னால் புத்தம்புது ஃபைபர் வள்ளம் கவிழ்ந்து கிடந்தது. அதன் அடியில் கோழி அடைகாத்தது. எஞ்சினும் கொடுக்கவில்லை, வலையும் கொடுக்கவில்லை.

அப்புறம், வள்ளம் யார் பெயரில் இருக்கிறது என்று விசாரியுங்கள். கூலிக்குக் கரைவலை இழுத்தவருக்குச் சொந்த வள்ளம் இருந்ததே இல்லை. இழந்த பொருளுக்கு மட்டும் ஈடு கொடுத்தால் அவர் பட்டியலிலேயே வரமாட்டார். மீன் விற்கும் பெண்களும் அப்படித்தான். அவர்களைத் தேடிப் போய்ப் பேசுங்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம்.

வீட்டுத் திட்டமா? வாசலிலிருந்து கடல் வரை நடந்து பாருங்கள். வடக்கு, கிழக்கில் கரையிலிருந்து 200 மீட்டருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் தடை போட்டார்கள். அதனால் வீடு கடலை விட்டுத் தள்ளிப் போயிருந்தால், மீனவர் தொழிலுக்குப் போவது சிரமம்.

வருமானம் எவ்வளவு என்று நேரே கேட்டால் சரியான பதில் வராது. நேற்று என்ன சமைத்தீர்கள், அடகு நகை மீண்டதா, கடைக் கொப்பியில் கடன் எவ்வளவு என்று கேளுங்கள். உதவி கிடைக்காத பக்கத்து ஊரிலும் இதையே கேட்டு ஒப்பிடுங்கள். இரண்டு வருடம் கழித்து அதே படலையை மறுபடி தட்டுங்கள்.