பைபோலார் உள்ள நண்பருக்குத் துணை நிற்பது எப்படி?

நண்பருக்கு பைபோலார், அதாவது மனநிலை சில காலம் அளவு மீறி ஏறியும் சில காலம் ஒரேயடியாக இறங்கியும் போகிற நோய், என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீங்கள் செய்ய வேண்டியதில் பெரும்பகுதி அவர் நன்றாக இருக்கும் நாட்களில் நடக்கிற வேலை. ஆள் உச்சத்தில் இருக்கும்போது போய்ப் பேச ஆரம்பித்தால் நீங்கள்தான் அவருக்கு எதிரி.

1. முதலில் நோயைத் தெரிந்துகொள்ளுங்கள்

காலையில் சிரித்து மாலையில் கோபப்படுவதெல்லாம் பைபோலார் இல்லை. மேனியா, அதாவது மனம் உச்சத்துக்கு ஏறும் கட்டம், வழக்கமாக ஒரு வாரமாவது நீடிக்கும். சோர்வுக் கட்டம் இரண்டு வாரமாவது இருக்கும், பலருக்கு மாதக்கணக்கில் போகும். செய்வினை என்று சொல்ல உறவில் ஒருவர் எப்படியும் இருப்பார். அவரோடு வாதாட வேண்டாம். பூசை நடக்கட்டும், மாத்திரை நிற்காமல் இருந்தால் போதும். வாட்சாப் குழுவில் 'தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்' என்று அங்குள்ள மனநல மருத்துவமனையைச் சொல்லிக் கிண்டல் வந்தால் மட்டும் சும்மா விடாதீர்கள்.

2. தெளிவான நாளில் பேசி எழுதிக்கொள்ளுங்கள்

மாமாக் கடையில் ஒரு தே தாரிக் நேரம் போதும். நோய் வரும்போது முதலில் உனக்கு என்ன மாறும்? யாரை அழைக்கலாம்? வீட்டில் சொல்லலாமா? கிரெடிட் கார்டையும் கார் சாவியையும் யாரிடம் கொடுப்பாய்? நான் எப்படிப் பேசினால் எரிச்சல் வரும்? பதில்களை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். மருந்துகளின் பெயர், அளவு, அடுத்த அப்பாயிண்ட்மென்ட் தேதி எல்லாம் இருவர் போனிலும் இருக்கட்டும்.

3. தூக்கத்தைக் கவனியுங்கள்

எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல அடையாளம் கிடையாது. மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு 'ஃப்ரெஷ்ஷா இருக்கேன்டா' என்றால் அன்றே டாக்டரை அழைக்கச் சொல்லுங்கள். தூக்கம் குறைவது மேனியாவின் அறிகுறி; அதுவே மேனியாவைக் கிளப்பியும் விடும்.

நம் மலேசியாவில் இதற்குப் பெரிய சோதனை தைப்பூசம். துன் எச்.எஸ். லீ சாலை மாரியம்மன் கோயிலில் இரவு ரதம் கிளம்பினால் பத்துமலை வரை நடை, விடிய விடியக் கூட்டம், முன்னதாக விரதம். போகாதே என்று தடுக்க வேண்டாம். விரதம் தொடங்கும் முன்பே டாக்டரிடம் கேட்கட்டும். இரவு தூங்கிவிட்டுக் காலையில் பால்குடம் எடுக்கலாமே.

மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். வியர்த்து உடலில் நீர் வற்றினாலோ, கால்வலிக்கு இபுப்ரோஃபென் போட்டாலோ, ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். கை கடுமையாக நடுங்குவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, நாக்குக் குழறல், தள்ளாட்டம் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

4. ஏறும்போது

வாதம் செய்யாதீர்கள். 'அந்தப் பிசினஸ் பத்தி அடுத்த வாரம் பேசலாம்டா' என்று தள்ளிப்போடுங்கள். சத்தமும் ஆட்களும் குறைந்த இடத்துக்கு அழைத்துப்போய், எழுதிவைத்ததில் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள்.

5. இறங்கும்போது

'மனச திடமா வச்சுக்கோ' என்பதால் பயனில்லை. 'சாப்பாடு கட்டிட்டு வர்றேன், கதவை மட்டும் திற' என்பது உதவும். கிளினிக்குக் கூடவே போங்கள். டாக்டர் சொல்வதில் பாதி அவருக்கு ஞாபகம் இருக்காது.

சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள்: 999, அல்லது பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு. பேச ஆள் வேண்டுமென்றால் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, இருபத்து நான்கு மணி நேரமும். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் ஹீல் 15555. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று சில குடும்பங்கள் இன்னும் பயப்படுகின்றன. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309வது பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது.

6. பிறகு

மேனியா அடங்கியதும் கடனும் வெட்கமும் சேர்ந்து வரும். செய்ததையெல்லாம் பட்டியல் போட்டுக் காட்டாதீர்கள். கடனுக்கு ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை அமைப்பில் இலவச ஆலோசனை உண்டு, கூடப் போங்கள். இன்னொரு நண்பரையும் இதில் சேர்த்துக்கொண்டு முறை போட்டுக்கொள்ளுங்கள், ராத்திரி போன் எப்போதும் உங்களுக்கே வராது.