அமெரிக்க வரலாற்றுத் தேர்வா? ஆண்டுகளைக் கோத்துப் படியுங்கள்

உயர்நிலைப் பள்ளியில் நவீன அமெரிக்க வரலாற்றுத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் ஆண்டுகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'அதனால் என்ன ஆனது?' என்று எழுதிப் பாருங்கள்.

கறுப்பின மக்கள் சம உரிமைக்காக நடத்திய குடிமை உரிமைப் போராட்டத்தையே எடுத்துக்கொள்வோம். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தென் மாநிலங்கள் இழுத்தடித்தன. 1957-இல் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் அனுப்ப அதிபர் ஐசனோவர் ராணுவத்தையே இறக்க வேண்டியிருந்தது. எவ்வளவு பெரிய துணிச்சல் அந்தப் பிள்ளைகளுக்கு! 1964 குடிமை உரிமைச் சட்டம் பொது இடங்களிலும் வேலையிலும் பாகுபாட்டைத் தடை செய்தது. வாக்குரிமைக்கு அது போதவில்லை. அதனால்தான் 1965 மார்ச்சில் அலபாமா மாநிலத்தில் வாக்குரிமை கேட்டு செல்மா பேரணி, ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம்.

அப்புறம், பனிப்போருக்கும் இதே வழிதான். கம்யூனிசம் பரவுவதைத் தடுக்க அதிபர் ட்ரூமன் அறிவித்த 1947 ட்ரூமன் கொள்கையிலிருந்து தொடங்குங்கள்.