ரிம்மில் ஏறிய பிரேக் தூசு: கை வைப்பதற்கு முன் தெரிந்துகொள்ளுங்கள்

தாப்பாவில் கார் கழுவும் கடை வைத்திருந்தால் பிரேக் தூசோடுதான் பிழைப்பு. கேமரன் மலையிலிருந்து இறங்கும் பழைய சாலை எங்கள் ஊரில் வந்து முடிகிறது. தானா ராத்தாவிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர், வளைவுக்கு மேல் வளைவு. இறங்குகிறவர்களில் பல பேர் பிரேக்கிலிருந்து காலையே எடுப்பதில்லை. மழை நாளில் செம்பனைத் தோட்டத்துச் செம்மண்ணும் அதன் மேல் அப்பிக்கொள்ளும். கடைக்குப் புதிதாக வந்த பையன்களும், தீபாவளி நெருங்கினால் வாசலிலேயே காரைக் கழுவுகிற தோட்டத்துத் தம்பிகளும், நாங்கள் தொழில் பழகிய காலத்தில் செய்த அதே தவறுகளை இன்றும் செய்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். சோப்பு போடுவது, தண்ணீர் அடிப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

வெறும் அழுக்கு என்று நினைப்பது

செம்மண் தண்ணீரில் போய்விடும். பிரேக் தூசு போகாது. சக்கரத்தோடு சுற்றுகிற தட்டுதான் டிஸ்க், அது வார்ப்பிரும்பு. பிரேக் மிதித்தால் அதைக் கவ்விப் பிடிக்கிற கட்டைதான் பேட். பேட் டிஸ்க்கை உரசும்போது இரண்டும் தேய்கின்றன. சூடான இரும்புத் துகளும் பேடில் உள்ள பிசினும் ரிம்மில் படிந்து, ஈரம் பட்டதும் துருவேறி, ரிம்மின் மேல் அடித்திருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட்டில் வேர் விட்டதுபோல் பிடித்துக்கொள்ளும். முன் ரிம்தான் அதிகம் கறுக்கும், நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்கு. மைவி, சாகா கார்களில் பெரும்பாலானவற்றில் பின்னால் டிரம் பிரேக். தூசு அதற்குள்ளேயே தங்கிவிடும். பின் ரிம்மில் போய் மருந்தை வீணாக்காதீர்கள்.

டாய்லெட் ஆசிட்

இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவன், செகண்ட்ஹேண்ட் காரில் நல்ல அலுமினிய ஸ்போர்ட் ரிம் போட்டிருந்தான். முகப்பைக் கடைந்து பளபளப்பாக்கிய வகை. யாரோ சொன்னார்கள் என்று டாய்லெட் ஆசிட்டைத் தண்ணீர்கூடக் கலக்காமல் ஊற்றியிருக்கிறான். நுரை பொங்கியதும் அழுக்கு கிளம்புகிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றியிருக்கிறான்.

என்னிடம் வந்தபோது ரிம் முழுக்கப் பால் தெளித்த மாதிரி வெள்ளைத் திட்டு. “அண்ணே, பாலிஷ் போட்டா போயிடுமா?” என்று கேட்டான். ஓரத்தில் கல் பட்டுச் சிதைந்த ஓர் இடத்தில் நகத்தை வைத்தேன். கிளியர் கோட் அப்படியே படலமாகத் தூக்கிக்கொண்டு வந்தது. அடியில் உலோகம் மங்கிச் சொரசொரவென்று இருந்தது.

டாய்லெட் ஆசிட்டில் பொதுவாக இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது துருவையும் கரைக்கும், அலுமினியத்தையும் கரைக்கும். அன்று பொங்கிய நுரையில் ரிம்மும் சேர்ந்து கரைந்திருக்கிறது. கிளியர் கோட் முழுசாக இருந்தால் சிறிது நேரம் தாங்கும். ஆனால் கல்லும் குழியுமான தோட்டத்துச் சாலையில் ஓடுகிற ரிம்மில் கீறல் இல்லாமல் இருக்குமா? அந்தக் கீறல் வழியாக உள்ளே போய்ப் படலத்துக்கு அடியில் பரவும். சாதாரணப் பெயிண்ட் ரிம் என்றால் சுரண்டி மறுபடி பெயிண்ட் அடிக்கலாம். கடைந்த முகப்புக்கு அது முடியாது, திரும்ப லேத்தில் ஏற்றித்தான் சீவ வேண்டும். ஒரு போத்தல் ஆசிட் விலைக்கு ஆசைப்பட்டவன், நான்கு ரிம்மையும் மாற்றுகிற நிலைமைக்கு வந்துவிட்டான்.

லேபிள் இல்லாத போத்தலில் விற்கிற ‘ரிம் மருந்து’ இதைவிட மோசம். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கலந்த சரக்கும் உண்டு. கையில் பட்டால் உடனே எரிய வேண்டும் என்றில்லை, சில மணி நேரம் கழித்துக்கூட வலி எடுக்கும். அதற்குள் தோலைத் தாண்டி உள்ளே இறங்கியிருக்கும். பட்டது தெரிந்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, வலிக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். போத்தலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

ஆசிட்தானே கூடாது என்று காஸ்டிக் சோடாவை எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் அலுமினியத்தைத் தின்னும்.

சரி, எதைத்தான் போடுவது? அயர்ன் ரிமூவர். அதில் இருக்கும் தியோகிளைகோலேட் இரும்போடு சேர்ந்ததும் கத்தரிப்பூ நிறமாக வழியும். தலைமுடியைச் சுருட்டுகிற பெர்ம் மருந்திலும் இதே குடும்பத்து ரசாயனம்தான், அதனால்தான் அந்த நாற்றம். கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் அடியுங்கள். சில நிமிடம் விட்டு, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, காய்வதற்குள் கழுவிவிடுங்கள். ஒரே தடவையில் போகாது, பழைய கறைக்கு இரண்டாம் முறையும் தேவைப்படும்.

சூட்டோடு தெளிப்பது

மலையிலிருந்து இறங்கிய கையோடு நேராகக் கடைக்கு வருவார்கள். அவசரமாகப் போக வேண்டும் என்பார்கள். ரிம்முக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே அனல் அடிக்கும். அதில் மருந்தடித்தால் வேலை செய்வதற்குள் காய்ந்து, அதுவே இன்னொரு கறையாகிவிடும். காய்ச்சிய டிஸ்க்கில் குளிர்ந்த தண்ணீரைப் பாய்ச்சினால் டிஸ்க்கும் கோணலாகலாம். ஒரு தே தாரேக் குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். நிழலில் நிறுத்தி, கை வைக்கிற சூட்டுக்கு வந்த பிறகுதான் தண்ணீர்.

பச்சை நார், கம்பி நார்

அடுப்படியிலேயே இருக்கட்டும்.

மண்ணெண்ணெய், டீசல்

ரிம்மில் ஒட்டிய தாருக்கென்று துணியில் நனைத்துத் துடைப்பார்கள். அது டிஸ்க்கிலும் பேடிலும் பட்டால் பிரேக் பிடிக்காது. கேமரன் சாலையில் பிரேக் பிடிக்கவில்லை என்றால் என்ன ஆகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தார் ரிமூவரைக்கூடத் துணியில் எடுத்து ரிம்மின் முகப்போடு நிறுத்துங்கள்.

கம்ப்ரஸர் காற்று

வேண்டாம். அந்தத் தூசு உங்கள் நெஞ்சுக்குள்தான் போகும்.

ஒரே வாளி, ஒரே துணி

ரிம்முக்குத் தனி வாளி, தனி துணி. ரிம்மைத் துடைத்த துணியில் இரும்புத் துகள் இருக்கும். அதோடு கதவைத் துடைத்தால் வெயிலில் வளையம் வளையமாகக் கீறல் தெரியும்.

கழுவி முடித்ததும் அப்படியே நிறுத்திவிடுவது

ஈரமான டிஸ்க் சீக்கிரம் துருப்பிடிக்கும். அப்புறம் அந்தத் துருவும் ரிம்மில்தான் வந்து சேரும். கழுவியதும் ஆள் இல்லாத பக்கமாக மெதுவாக ஓட்டி, இரண்டு மூன்று தரம் பிரேக்கை லேசாக மிதித்துக் காயவிடுங்கள். ரிம்மும் காய்ந்த பிறகு மெழுகு பூசினால் அடுத்த முறை தூசு அவ்வளவாகப் பிடிக்காது. மலையிறங்கும்போது சின்னக் கியரில் வாருங்கள், ஆட்டோ என்றால் L அல்லது B. தூசு அங்கேயே பாதி குறையும்.